அப்பா வீட்டுத் தண்ணீர் மீட்டர்

ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி இருந்தும் தெரிந்துகொள்ளாமல் விடுவது அன்பா, அலட்சியமா? குடிநீர் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் இந்தப் பெண்ணின் வாழ்க்கை அதைத்தான் கேட்டது.

ஊரிலுள்ள தண்ணீர் மீட்டர்கள் எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கின்றன. எந்த வீட்டில் எந்நேரம் குழாய் திறந்தது என்பது அவள் திரைக்கு வந்துவிடும். யார் எப்போது எழுந்தார், குளித்தார், வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: கசிவு என்று வீட்டுக்காரரே புகார் கொடுத்தாலொழிய அவர் கணக்கைத் திறக்கக் கூடாது.

அவளுடைய அப்பா தனியாக இருந்தார். கேமரா வைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டபோது, "நான் என்ன நகைக்கடையா?" என்றார்.

ஒருநாள் காலையிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. பக்கத்து மேஜைத் தோழிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி தவிக்கிற? அவர் கணக்கத் திறந்து பாரு. காலையில தண்ணி ஓடியிருந்தா மனுஷன் நல்லா இருக்கார்."

"ஓடலன்னா?"

"அப்ப நீ ஓடு."

அவள் திறக்கவில்லை. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். விதியை மதித்தாளா, பார்க்கப் பயந்தாளா? இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அவசரப்பட்டுப் பாராட்ட நான் தயாரில்லை.

கதவைத் திறந்த அப்பாவின் தலை நிறைய சோப்பு நுரை.

"போன் எங்கப்பா?"

"சட்டைப் பையில."

"சட்டை?"

அவர் அசட்டுச் சிரிப்போடு வாஷிங் மெஷினைக் காட்டினார். காலையிலிருந்து இரண்டாம் தடவையாக அது சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"ஆபீஸ்லயே பார்த்திருக்கலாமேம்மா? உங்க மீட்டர்தான் வாசல்லயே உட்கார்ந்து என்னை வேவு பார்க்குதே."

"பார்க்கலப்பா."

காதோரம் வழிந்த நுரையை அவர் துடைத்துக்கொண்டார். "சரி, உள்ள வா. அழுமூஞ்சியோட வாசல்ல நிக்காத."

மறுநாள் அலுவலகத்துக்கு அவர் பெயரில் ஒரு புகார் வந்தது: குழாய் கசிகிறது, கணக்கைப் பார்க்கவும். அந்த வீட்டில் எந்தக் குழாயும் கசியவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"பொய் சொல்லி உனக்கு அனுமதி கொடுத்திருக்கார்டி உங்கப்பா!" என்றாள் தோழி.

அவளும் சிரித்தாள். ஆனால் கணக்கைத் திறக்கவில்லை. புகாரைத் தீர்ந்ததாக முடித்து அந்த அனுமதியை இழந்துவிடவும் இல்லை; இன்னும் அது அவள் திரையில் அப்படியே இருக்கிறது. ஏன் என்று தோழி கேட்டபோது, அவள் அடுத்த புகாரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.