சீர்த்தட்டில் வந்த எஞ்சின் ஆயில்

எனக்குக் காது குத்திய அன்று மாமாவின் சீர்த்தட்டில் பழமும் பட்டுப்பாவாடையும் மட்டுமா இருந்தன? நடுநாயகமாக ஒரு டப்பா எஞ்சின் ஆயிலும் இருந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. கொச்சியில் புதுக் கார் விற்கும் கடையில் வேலை. பெற்றவர்கள் போன பிறகு அம்மாவுக்குப் பிறந்த வீடென்று மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

"அத்தான், புதுக் காருக்கெல்லாம் இதுதான் ஊத்துறோம். தண்ணியா ஓடும். உங்க ஜீப்பு சத்தமே போடாது பாருங்க" என்றார்.

அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏலத்தோட்டத்துப் பெண்களைக் குமுளியிலிருந்து ஏற்றிவரும் எங்கள் பெட்ரோல் ஜீப் அவரைவிட மூத்தது. அதன் எஞ்சினுக்குள் வால்வைத் தள்ளும் டேப்பெட்டுகள் தட்டையானவை, அவற்றை அசைக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டோடு உரசியே ஓடுபவை. துத்தநாகம் சேர்ந்த கெட்டி ஆயில் இல்லாவிட்டால் தேய்ந்துவிடும். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தாய்மாமன் சீரைத் திருப்பிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மாமாவின் கண்முன்னாலேயே பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினார். மாமா ஊருக்குப் போனதும் மாற்றப் பார்த்தார், அம்மா விடவில்லை.

"எந்தம்பி ஆசையா குடுத்தது. கெடக்கட்டும்."

மழைக்காலத்தில் எஞ்சினுக்குள் டக் டக்கென்று சத்தம் வந்தது. ஏற்றத்தில் திணறியது. அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்த காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் நின்றே போனது. பாழாய்ப்போன வண்டி! அப்பா சாமியையும் ஜீப்பையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தள்ளினார். வேறொரு வண்டி கிடைத்துப் போய்ச் சேர்ந்தோம். தம்பி பிறந்தான், அழவே இல்லை.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், "கேம் மொத்தமும் தேஞ்சு கெடக்கு. இந்த வண்டிக்குத் தண்ணி ஆயில ஆரு ஊத்துனது அண்ணாச்சி?" என்றார். அப்பா செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். கூட நின்ற எனக்குத்தான் பதில் தெரியுமே.

வீட்டில் அம்மாவும் கேட்டாள். "வண்டிக்கு என்னதான் ஆச்சு?"

"கெழட்டு எஞ்சினுல்லா. ஆயுசு முடிஞ்சிட்டு. நான்தான் முன்னமே வித்துருக்கணும்."

"இல்லம்மா, மாமா குடுத்த..." என்று ஆரம்பித்தேன். அதுவரை என்மேல் கை வைத்திராத அப்பா பளாரென்று அறைந்தார்.

உண்மையைச் சொன்னால் அடியா? பொய் சொன்னவருக்கு ஒன்றுமில்லையா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பயந்தாங்கொள்ளி அப்பா என்று மனசுக்குள் திட்டியபடி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் தலைமாட்டில், சேதி கேட்டுக் கொச்சியிலிருந்து ஓடிவந்த மாமா கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்தார். இரண்டு நாளாக யார் கொடுத்தும் வாய் திறக்காத அம்மா, தன் தம்பி ஊட்டியபோது மட்டும் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான் பார்த்தேன், கன்னத்தைத் தடவிக்கொண்டு.