மாமாவின் இருமல் அடங்கிய காலை

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்த மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் அப்போது ஆயா. குடலிறக்கம் வந்து ரப்பர்ப் பால் வாளியைத் தூக்க முடியாமல் தவித்த மாமாவுக்கு அன்று காலை ஆபரேஷன். பயந்த சுபாவக்காரர் இவ்வளவு நிம்மதியாகப் படுத்திருக்கிறாரே என்று நான்கூட சந்தோஷப்பட்டேன்.

விஷக்காய்ச்சல் தோட்டம் தோட்டமாகப் பரவிய வருடம் அது. இருமுகிறவர்களைப் பின்னால் இருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். கொட்டகை போட்ட புதிது. அதுவரை அதிலிருந்து வெளியே வந்தவை பிணங்கள்தாம். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பெண்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே நடுக்கம்.

மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் ஐயா. மருந்துக்கு முன் எல்லாரையும் கேட்பதுபோல் மாமாவையும் கேட்டார்.

“சளி, இருமல் இருக்கா? மறைக்காம சொல்லு. மயக்கத்துல மூச்சு நின்னுடும்.”

“இல்லீங்க ஐயா.”

“எங்க, இருமிக் காட்டு.”

மாமா லேசாகத் தொண்டையைச் செருமினார். டாக்டர் துரை முன்நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முகத்தில் துணி போட்டு, குளோரோஃபார்மைச் சொட்டுச் சொட்டாக விட்டார் டிரெஸ்ஸர் ஐயா. மூச்சைக் கேட்க மாமாவின் வாயருகே குனிந்தபடியே நின்றார். மூச்சு தேய்ந்துகொண்டே போனது. கத்தி வைக்கும் முன்பே வாயில் நுரையும் சளியுமாகப் பொங்கியது. நாக்கை இழுத்துப் பிடித்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். ஐயோ, ஒன்றும் பலிக்கவில்லை.

வெளியே காத்திருந்த அத்தையிடம் டிரெஸ்ஸர் ஐயா கேட்டது, மாமாவுக்கு இருமல் இருந்ததா என்ற ஒரே கேள்விதான். அத்தை மறைக்கவில்லை.

“ராவெல்லாம் இருமினாரு ஐயா. கொட்டகையில போட்டுருவீங்களேன்னு, பிள்ளைக்குக் குடுக்குற அபினைப் பால்ல கரைச்சுக் குடுத்தேன்.”

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தை அழாமல் தூங்க அபின் கொடுப்பது லயத்தில் வழக்கம். குழந்தையின் இருமலும் அதில் அடங்கும். மூச்சும் அடங்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இப்போதும் ஆபரேஷனுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். தள்ளிவைத்துவிடுவார்களே என்று சளியை மறைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன்.

சில நாளில் டிரெஸ்ஸர் ஐயாவே காய்ச்சலில் விழுந்து கொட்டகைக்குப் போனார். கஞ்சி கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அத்தை கிளம்பினாள். நான் குறுக்கே நின்றேன்.

“தள்ளுடி. எனக்கு இனிமே என்ன பயம்?” என்று கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

காய்ச்சல் தணிந்த ஒரு காலை, அத்தையின் தோளைப் பிடித்தபடி டிரெஸ்ஸர் ஐயா நடந்து வந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர், மெலிந்து, தள்ளாடி, ஆனால் உயிரோடு. நான் சந்தோஷத்தில் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, நடந்து வருகிறவர்களையே பார்த்தாள்.

“பாதிக்கு மேல எந்திரிச்சு நடந்து வர்றாங்கடி,” என்றாள். “உங்க மாமாவ நான் அங்க விட்டிருக்கலாமேடி.”