எபாக்ஸி பூசிய படகு

ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால் என் மரப்பட்டறை முப்பது வருடமாக இருக்கிறது. லாட்ஜுகளுக்குக் கட்டில், எஸ்டேட் பங்களாக்களுக்குக் கதவு ஜன்னல், குடோன்களுக்குக் கூரை ரீப்பர், இதுதான் தொழில். ஜமால் பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் படகு வேலையும் தெரியும் என்பது இங்கே சிலருக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருடம் கடலூர்ப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் இருந்தேன். மலைக்கு வந்த பிறகு அந்த வேலைக்கு அவசியமே வரவில்லை. ஒரே ஒரு முறை வந்தது. மரவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். நன்றாக முடிந்த வேலைகளைப் பற்றி எழுதத்தான் ஆசை. ஆனால் எழுத வேண்டியது இது.

1. புல்தரையில் இருந்த படகு

கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை வாங்கியவர்கள் பங்களாவைச் சுற்றிப் பன்னிரண்டு காட்டேஜ் கட்டி ரிசார்ட் ஆக்கியிருந்தார்கள். எஸ்டேட்டுக்கு நடுவில் ஒரு பெரிய குளம் உண்டு. காபிக்கு ஸ்பிரிங்ளர் போடுவதும், காட்டேஜ்களுக்குத் தண்ணீர் ஏற்றுவதும் அந்தக் குளத்திலிருந்துதான். பழைய துரை காலத்தில் வாங்கிய பதினைந்தடி மரப்படகு ஒன்று அங்கே இருந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். படகு தண்ணீரில் இல்லை. புல்தரையில் இரண்டு கல் தூண்மேல் தூக்கி வைத்து, உள்ளே ஜெரேனியம் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்களாம்.

தொட்டிகளை இறக்கிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். அயினிப் பலகை. மரம் நல்ல மரம்தான். ஆனால் இரண்டு கோடை வெயிலில் காய்ந்து சுருங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

பக்கத்தில் நின்றவர் பொன்னன். மலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் பம்ப் ஆபரேட்டர். பக்கத்து ஊர்தான். அவர் சொன்னார்:

“தண்ணியிலயே கெடந்த வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாதுங்க பாய். நாந்தான் பாத்துக்கிட்டேன். கொளத்துக்குள்ள பம்ப் பைப்போட அடிமுனையில இருக்கற புட்வால்வுல பாசி அடைச்சா இதுலதான் போயி எடுப்பேன். மேல ஏத்தாதீங்கன்னு சொன்னனுங்க. யாரு கேட்டா?”

அவர் சொன்னது சரி. மரப்படகு தண்ணீரில் இருக்கும்வரை பலகை ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். அந்த நெருக்கம்தான் தண்ணீரை நிறுத்துகிறது.

2. நாற்பது நாள், பத்து நாள்

மேனேஜர் மனோகரன் சேலத்துக்காரர். முப்பத்தைந்து வயது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் ஆறு மணிக்கு வந்து, ராத்திரிவரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஓடிக்கொண்டே இருப்பார்.

“எத்தன நாள் ஆகும் பாய்?”

“நாப்பது நாள் ஆகுங்க சார். பழைய ஆணியப் புடுங்கணும். இடைவெளியில பஞ்சுத்திரி அடிக்கணும், அதுவும் லேசா. மேல எண்ணெயில கொழைச்ச மெழுக்கு. அப்புறம் தண்ணியில கட்டிப்போட்டு ரெண்டு வாரம் ஊறணும். மொதல்ல ஒழுகும். ஊற ஊறத் தானே அடைச்சுக்கும்.”

“ரெண்டு வாரம் படகு முழுகிக் கெடக்குமா? கெஸ்ட் பாத்தா என்ன நெனப்பாங்க? பத்து நாள்ல ஓனர் வர்றாரு பாய், அவங்க சொந்தக்காரங்களோட. படகு ஓடணும்.”

மறுநாள் சேலத்திலிருந்து இரண்டு இரண்டு டப்பாவாக எபாக்ஸிப் பசை வந்து இறங்கியது. இரண்டையும் கலந்து இடைவெளியில் இழுத்துவிட்டால் ஒரே நாளில் கல்லாகிவிடும். யாரோ அவருக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள்.

இங்கே இளையவர்களுக்காக ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். காய்ந்த பலகைகளின் நடுவே பஞ்சை அடித்தால், பலகை பருக்கும்போது பஞ்சு நசுங்கி இடம் கொடுக்கும். எபாக்ஸி நசுங்காது. பலகை பருத்தாக வேண்டும், பக்கத்தில் இடம் இல்லை. அப்போது அது வேறு பக்கம் தள்ளும். உள்ளே இருக்கிற வங்குக் கால்களிலிருந்து, அதாவது படகின் விலா எலும்புகளிலிருந்து, பலகை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். கடலூரில் நான் முதல் வருடத்திலேயே கற்ற பாடம் இது.

மேனேஜரிடம் ஒரு தடவை சொன்னேன். “இது மரப்படகுக்கு ஆகாதுங்க சார்.”

“பாய், பன்னண்டு காட்டேஜுக்கும் ஜன்னல் மாத்தணும்னு ஓனர் சொல்லியிருக்காரு. இத முடிச்சுக் குடுங்க, அதையும் உங்ககிட்டயே பேசிக்கலாம்.”

இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை.

பொன்னன்தான் எனக்கு டப்பா கலந்து கொடுத்தார். மூன்றாம் நாள், கரண்டியால் பசையைக் கிளறிக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்க பாய், மரம் ஊறுனா ஊதுமல்லங்க? இது இப்பிடிக் கல்லாட்டம் நின்னா, அது எங்கீங்க போகும்?”

படகுப் பட்டறையைக் கண்ணால் பார்த்திராத மனிதர். அவருக்கே தெரிந்துவிட்டது.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் பொன்னா,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கிளற ஆரம்பித்தார். பாய்க்குத் தெரியும் என்று நம்பிவிட்டார்.

3. சொட்டு ஒழுகவில்லை

எமரி போட்டுத் தேய்த்து, வெள்ளையும் நீலமும் எனாமல் அடித்து, ஒன்பதாம் நாள் இறக்கினோம். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஓனர் வந்தார், குடும்பத்தோடு சுற்றினார், என் தோளில் கை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். மேனேஜர் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அந்த நாலைந்து நாள், கடலூரில் சொன்னதெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

இறக்கிய பதினெட்டாம் நாள், ஒரு காட்டேஜில் தாழ்ப்பாள் மாட்டப் போனேன். ஐப்பசி மழை நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து குளத்தங்கரையில் கட்டியிருந்த படகைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பெயிண்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஒரு பலகையின் நீளம் முழுக்க ஓடியது. ஆணித் தலைகளை மூடி நான் வைத்த பசை மூன்று இடத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி வெளியே தள்ளியிருந்தது. கட்டைவிரலால் பலகையை அழுத்தினேன். உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தது. ஆணிக்கு வங்கில் பிடிப்பு இல்லை. மேலேயே இப்படி என்றால், தண்ணீருக்குள் இருக்கிற அடிப்பலகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் டைனிங் ஹாலில் விருந்தாளிகளோடு இருந்தார். வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“சார், படகை ஒருக்கா மேல ஏத்திப் பாக்கணுங்க.”

“லீக் ஆகுதா?”

“இப்ப இல்லீங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமைக்கு மேல பாக்கலாம் பாய். புக்கிங் இருக்கு.”

சரி என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

படகை யாரும் தொடாதீங்க. மூன்று வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்பதற்குப் பதில் என் கைவேலை. அதனால் சொல்லவில்லை. பம்ப் ஷெட் நான் போகிற வழியில்தான் இருந்தது. பொன்னன் வாசலில் உட்கார்ந்து மோட்டாருக்குப் பேக்கிங் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். கை தூக்கினார். நானும் தூக்கிவிட்டுப் போனேன்.

4. சனிக்கிழமை

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், காட்டேஜ்களில் தண்ணீர் நின்றுவிட்டது. புட்வால்வில் பாசி அடைத்திருந்தது. பொன்னனை மேனேஜர் படகில் போகச் சொன்னார்.

குளத்தின் நடுவில் பொன்னன் ஒரு பக்கமாகக் குனிந்து, பாசியோடு கனத்துப்போன பைப்பைத் தூக்கியிருக்கிறார். முழுக் கனமும் ஒரு பக்கம் விழுந்ததும் அடிப்பலகை விட்டுக்கொடுத்துவிட்டது. கரையில் இருந்த தோட்டக்காரர் பிறகு சொன்னார், படகு ஆடவில்லை, சாயவில்லை, பெரிய சத்தம்கூட இல்லை, உட்கார்ந்தவாக்கில் கீழே போனது என்று. பொன்னனுக்கு நீச்சல் தெரியாது. மலையில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பாசியில் கால் சிக்கினால் வெளியே வருவது கஷ்டம்.

எனக்குப் போன் வந்தபோது பட்டறையில் ஒரு கட்டிலுக்குக் கால் இழைத்துக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேரும்போது ஃபயர் சர்வீஸ் ஆட்கள் அவரை எடுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். அவர் மனைவி பழனியம்மாள் காபி பறித்துக்கொண்டிருந்த மடிப்பையை அவிழ்க்காமலே ஓடி வந்திருந்தார். இடுப்பில் பழம் நிறைய இருந்தது. அவர் குனியும்போதெல்லாம் பழம் கொட்டியது. யாரும் பொறுக்கவில்லை.

உடலைக் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு எடுத்துப் போனார்கள். படகை டிராக்டர் கட்டி இழுத்துக் கரையில் போட்டார்கள்.

5. “அறுத்து பாய்லருக்குப் போடுங்க”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காத குரல்.

“பாய், ரம்பம் எடுத்துக்கிட்டு வாங்க. அந்தப் படகைப் பாத்தாலே எல்லாருக்கும் மனசு கெட்டுப்போகுது. அறுத்து பாய்லருக்குப் போட்டுருங்க.”

போனேன். ரம்பமும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போலீஸில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். “கேக்காம எடுத்துக்கிட்டுப் போயி, நின்னு ஆட்டிக் கவுத்துட்டாருன்னு சொல்லியிருக்கு. போதையில இருந்திருக்கலாம்னும்...” மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்களுக்கும் அதுதான் பாய் நல்லது.”

படகைக் கரையில் குப்புறப் போட்டிருந்தார்கள். ஏராக்கட்டைக்கு, அதாவது படகின் முதுகெலும்புக்கு, அடுத்த பலகை நாலடி நீளத்துக்கு வாய் பிளந்து நின்றது. ஆணிகள் ஏழு. ஏழும் பலகையிலேயே இருந்தன, வங்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஓரத்தில் எபாக்ஸி அப்படியே கோடு பிசகாமல் இருந்தது. நான் பூசியது கொஞ்சம்கூட விரியவில்லை. அதைச் சுற்றி இருந்ததெல்லாம் கிழிந்திருந்தது.

ஆட்டிக் கவிழ்த்த படகின் அடி இப்படிப் பிளந்திருக்காது. இதைப் படித்துச் சொல்ல இந்த மலையில் என்னை விட்டால் ஆள் இல்லை. அறுத்துப் போட்டால் படிக்க எதுவும் மிஞ்சாது.

ரம்பத்தை எடுத்து வந்த பையிலேயே வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எஸ்.ஐ. பத்து மணிக்கு வந்தார். பலகையைக் காட்டி, ஒவ்வொரு ஆணியாகத் தொட்டு, நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“பாய், இத இப்பிடியே எழுதுனா உங்க மேலயும் கேஸ் வரும். தெரியுமல்ல?”

“தெரியுங்க சார். எழுதுங்க.”

போஸ்ட்மார்ட்டத்தில் போதை எதுவும் இல்லை என்று வந்தது.

6. பழனியம்மாள்

காரியம் முடிந்த பிறகு பொன்னன் ஊருக்குப் போனேன். பழனியம்மாள் வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன். பசையைப் பற்றி, விரிசலைப் பற்றி, இரண்டு நாளுக்கு முன்னால் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு போனதைப் பற்றி. முழுக்கக் கேட்டார்.

முடித்ததும் கேட்டார்: “குடிச்சுப் போட்டு உழுந்தாருன்னு ஊருக்குள்ள பேசுனாங்க. அது இல்லீன்னு போலீஸ்ல எழுதீட்டீங்களா?”

“எழுதியாச்சும்மா.”

“அது போதுங்க.” முறத்தைக் கையில் எடுத்தார். “நீங்க வந்து சொன்னது நொம்ப நல்லதுங்க. இனிமே இந்த ஊட்டுக்கு வராதீங்க.”

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

7. வாய்தா

வழக்கு சேலத்தில் நடக்கிறது. மேனேஜரும் நானும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். அவருக்கு வேலை போய்விட்டது. நான் பட்டறையில் சின்ன வேலைகள் மட்டும் செய்கிறேன். எஸ்டேட்காரர்கள் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

என் வக்கீல் நல்ல மனிதர். முதல் நாளே எனக்கு ஒரு வழி காட்டினார். “பாய், இந்த எபாக்ஸி புது விஷயம். மரத்துல இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தெரியாம செஞ்சதுக்கும் தெரிஞ்சு செஞ்சதுக்கும் கோர்ட்டுல நொம்ப வித்தியாசம் இருக்கு.”

“எனக்குத் தெரியுங்க,” என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தெரியாத வேலையில் தப்பு வரும். அதைத் திருத்திக்கொள்ளலாம், அடுத்த முறை கற்றுக்கொள்ளலாம். தெரிந்த வேலையில் தெரிந்தே விடுகிற தப்புக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. வேலை கொடுப்பவரிடம் ஆகாது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன் என்பது கணக்கில் வராது. கையை எடுத்துவிட்டு வெளியே வந்தால்தான் சொன்னதாக அர்த்தம்.