ரஃபீக் பாயின் மூன்று கோடுகள்

செய்தி வந்தபோது வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்கால். சந்திரிகா வங்கியில் தன் அறையில் உட்கார்ந்து, லாக்கர் சாவியைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பெரியவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். கைபேசியில் ‘ரஃபீக் பாய்’ என்று பெயர் வந்ததும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே எடுத்தாள். பேசியது அவருடைய மகள் நஸ்ரீன்.

“ஆன்ட்டி, அப்பா எறந்துட்டாங்க. காலைல நமாஸ் முடிச்சிட்டு வந்து சும்மாதான் படுத்தாங்க. அப்புறம் எழுப்பினா... எழுந்திருக்கவே இல்ல.”

சந்திரிகா போனை வைத்ததும் பெரியவர் மராத்தியில் கேட்டார், யாருக்கு என்ன ஆயிற்று என்று. தெரிந்தவர் ஒருவர், என்றாள். வேறு சொல் அப்போது வரவில்லை.

புனே ரயில் நிலைய ஆட்டோ வரிசையில் முகமது ரஃபீக் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவர். வாணியம்பாடியிலிருந்து பிழைக்க வந்த தகப்பனாருக்குப் பிறந்து, புனேவின் கசார்வாடியில் வளர்ந்து, அங்கேயே ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். அந்த லேத்துக்கு இடது கைச் சுண்டுவிரலில் பாதியைக் கொடுத்துவிட்டு, “மிச்சம் ஒம்பதரை வெரல் இருக்கு, ஆட்டோவுக்கு அது போதும்” என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர். வீட்டில் உருதுவும் தமிழும், தெருவில் மராத்தி, போலீஸ்காரரிடம் மட்டும் மிக மரியாதையான இந்தி. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரயிலைவிட்டு இறங்கிப் பெட்டியோடு திருதிருவென்று விழிக்கும் தமிழ் முகத்தை நூறடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்படி அவரிடம் மாட்டியவர்கள் நல்ல காப்பியும் சாப்பாடும் கண்ட பிறகுதான் கோட்டையையும் கோயிலையும் கண்டார்கள். “மொதல்ல வயிறு, அப்புறம் வாடா. சனிவார் வாடா கோட்டை எங்கயும் ஓடிடாது, முன்னூறு வருஷமா அங்கயேதான் கெடக்குது” என்பார்.

சந்திரிகா மாட்டியது மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

கோயம்புத்தூரில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு மேலாளர் பதவி உயர்வும், கூடவே புனேவுக்கு மாற்றலும் வந்திருந்தன. இதே உயர்வைப் பிள்ளைகளின் படிப்புக்காக இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கிளையில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் ஊர் திரும்பிவிட வேண்டும். கணவர் ரங்கராஜன் தடுக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“காப்பி நல்லா இல்லீன்னா உனக்கு மண்டையிடி வந்துரும். ரெண்டு நாள்ல தலையப் புடிச்சுட்டு நீயே வண்டியேறிருவ பாரு. எதுக்கும் இருக்கட்டும்னு ஞாயித்துக்கெழம ராத்திரிக்குத் திரும்பி வர ஒரு டிக்கெட்டும் போட்டு வெச்சிருக்கறேன்.”

அவர் வாய்முகூர்த்தம் அப்படியே பலித்தது. சனிக்கிழமை முழுக்க விடுதியில் கொடுத்த காப்பியைக் குடித்ததில், ஞாயிறு விடியும்போதே வலது நெற்றிப்பொட்டில் சுத்தியல் அடித்தது. அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டே ஆட்டோ வரிசைக்கு வந்தாள்.

“பையா, அச்சா காஃபி கிதர் மிலேகா?” நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்பதை அரைகுறை இந்தியில் கேட்டாள்.

உள்ளே சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊரு மேடம்?”

தமிழைக் கேட்டதும் கால்வாசித் தலைவலி போய்விட்டது. “கோயமுத்தூருங்க.”

“யா அல்லா, கோயமுத்தூர் நாக்கா? மெட்ராஸ் நாக்குன்னா பக்கத்துலயே முடிச்சிருப்பேன். ஒங்க ஊர்க்காரங்க பாலையும் கொறை சொல்வாங்க, தண்ணியையும் கொறை சொல்வாங்க. ஏறுங்க, பாப்போம்.”

மீட்டருக்குக் கீழே செருகியிருந்த ஒரு பழைய கட்டண அட்டையை உருவினார். பின்பக்கம் முழுக்க உருது எழுத்தில் கடைப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்று, இரண்டு, அபூர்வமாக மூன்று கோடுகள். மூன்று கோடு இருந்தால்தான் புதிதாக வந்தவர்களைக் கூட்டிப்போவார். அந்த மூன்றும் மூன்று வேறு வேறு ஊர் நாக்குகள் போட்டவையாக இருக்க வேண்டும். “ஒரே ஊர்லேர்ந்து முப்பது பேர் வந்து நல்லாருக்குன்னாலும் அது ஒரு நாக்குதான்.”

முதல் கடை கேம்ப் பகுதியில். மூன்று கோடு வாங்கிய இடம். சந்திரிகா உள்ளே போய்க் குடித்துவிட்டு வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் ரஃபீக்.

“காப்பிக்குச் சிக்கரி சேத்துனாப்புல இல்லீங்க பாய். சிக்கரிக்குக் காப்பி சேத்துனாப்புல இருக்குது.”

அவர் வாதாடவில்லை. அட்டையை எடுத்து ஒரு கோட்டை நகத்தால் சுரண்டினார்.

இரண்டாவது, இளைஞர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் குளிர்சாதனக் கடை. நுரைமேல் இலை வரைந்து கொண்டுவந்தார்கள். “படம் நல்லாருக்குதுங்க. காப்பிதான் எங்கன்னு தெரியல” என்றாள். ரஃபீக் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அந்தக் கடையின் மூன்று கோடுகளிலும் ஒன்று போயிற்று.

வெறும் வயிற்றில் நாக்கு பொய் சொல்லும் என்று ஒரு மிசல் கடைக்குக் கூட்டிப்போனார். சிவப்பெண்ணெய் மிதக்கும் முளைப்பயறுக் குழம்பு, மேலே ஓமப்பொடி, தொட்டுக்கொள்ளப் பாவு ரொட்டி. கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சந்திரிகா இரண்டாம் முறை குழம்பு வாங்கினாள். அந்த நேரம் பார்த்து ரங்கராஜன் கூப்பிட்டார்.

“அழறயா என்ன? காப்பி கெடைக்கலியா?”

“மிசல் சாப்புடறனுங்க.”

“அது காப்பியா?”

“இல்லீங்க.”

“அப்பச் சரி. வண்டி ஒம்பது மணிக்கு, மறந்துறாத.”

சாப்பிட்டதும் கடக்வாஸ்லா அணைக்கு விட்டார். மழை முடிந்த மாதம். தண்ணீர் விளிம்புவரை தளும்பியது. கரையில் சுட்ட சோளத்துக்கு எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துக் கொடுத்தார்கள். ஊர் அவளுக்குப் பிடித்துத்தான் போனது, அதுதான் சங்கடம். ஈரக்காற்றில் சோளத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக யாருக்கும் சமைத்து வைக்காமல் வெளியே வந்திருக்கிறோம் என்று தோன்றியது. நெற்றிப்பொட்டை அழுத்திய கை மட்டும் இறங்கவில்லை. இந்தத் தலையோடு நாளைக்குப் பத்து மணிக்கு எப்படி வேலையில் சேர்வது?

“கடைசியா ஒரு எடம் இருக்கு. ரெண்டு கோடுதான், அதனால காட்டல” என்றார் ரஃபீக்.

“இப்பவே போலாமுங்க.”

“இப்ப மணி ஒண்ணு. ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் கடைக்காரங்க தூங்குவாங்க. ஒங்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரந்தானே ராவுகாலம்? பூனாவுல மூணு மணி நேரம், தெனம்.”

“இன்னிக்கு நாலரைக்கு எங்களுதும் ஆரம்பிச்சுருமுங்க. அதுக்குள்ள நான் முடிவு பண்ணியாகணும்.”

“அப்ப அரை மணி இருக்கு. போதும்.”

ராஸ்தா பேட்டில் ஒரு சந்து. மாடிப்படிக்கு அடியில் ஆறடி அகலத்தில் ஒரு கடை. அம்ருதா என்ற மராத்திப் பெண்மணி நடத்துவது. பக்கத்து வீட்டில் முப்பது வருடம் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது அவளுக்கு விட்டுப்போனது ஒரு பித்தளை பில்டரும் காப்பி போடும் பக்குவமும். மூன்றே முக்காலுக்கே ஆட்டோ போய் நின்றுவிட்டது. அம்ருதா உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது பாதி திறந்த கதவு வழியாக நன்றாகத் தெரிந்தது.

“உள்ளதானுங்க இருக்காங்க. ஒரு வார்த்தை கேளுங்க பாய்.”

“கேட்டா நாலரைக்குத் தொறக்கும்.”

சரியாக நான்கு மணிக்கு அம்ருதா தாளை மடித்து வைத்துக் கதவை முழுக்கத் திறந்தாள். வந்தவர்களை ஏதோ இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

டபராவில் காப்பி வந்தது. சந்திரிகா ஆற்றினாள், ஒரு வாய் குடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். அப்போதும் பேச்சில்லை. ரஃபீக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது, காலையிலிருந்து நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொண்டிருந்த கை கீழே இறங்கி டபராவைப் பிடித்திருந்தது. பேசாமல் ஆட்டோவுக்குப் போய், மீட்டரில் நூலால் கட்டியிருந்த பேனாவால் மூன்றாவது கோட்டை இழுத்தார்.

நாலு இருபத்தைந்துக்கு சந்திரிகா கணவரைக் கூப்பிட்டாள்.

“ராத்திரி டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்க.”

“எத்தன காப்பி குடிச்ச?” என்றார்.

“ரெண்டு. மூணாவது சொல்லியிருக்கறேன்.”

அப்போதுதான் அவள் கவனித்தாள். ரஃபீக் கையில் கண்ணாடி தம்ளர். அதில் எதிர்க்கடைத் தேநீர்.

“ஏனுங்க பாய், நீங்க காப்பி குடிக்கலீங்களா?”

“நானா? பொறந்ததுலேர்ந்து சாய் ஆளு. காப்பி ஒரு வாய் தொட்டதில்ல. அந்த வாசனையே மருந்துக்கடை மாதிரி.”

“காப்பியே குடிக்காத மனுசன நம்பியா நான் காலையிலருந்து ஊரச் சுத்துனேன்?”

“கல்யாணத் தரகனுக்குப் பொண்ணப் புடிக்கணுமாக்கா? மாப்பிள்ளைக்குப் புடிச்சாப் போதும்.”

அன்றைக்கு மேடம் அக்காவானது. அக்காவைவிடத் தம்பி ஐந்து வயது மூத்தவர் என்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம், மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அவருடைய ஆட்டோவில் போனாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர், யாராக இருந்தாலும் ரஃபீக்கின் எண்ணைக் கொடுப்பாள். முழங்கால் வலிக்காரர்களை அவர் பர்வதி மலைப்படிக்கே அழைத்துப்போக மாட்டார். “கீழேர்ந்தே கும்புடுங்க, சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்” என்று நல்ல சாபுதானா வடை, அதாவது ஜவ்வரிசி வடை கிடைக்கும் கடைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். ரங்கராஜனே ஒருமுறை சோதனை போட வந்தார். அம்ருதாவின் காப்பியைக் குடித்துவிட்டுப் பரவாயில்லை என்றார். கோயம்புத்தூர் ஆணின் வாயில் அது பெரிய பாராட்டு என்று சந்திரிகா விளக்கியும் ரஃபீக் ஒப்பவில்லை. “பரவால்லைக்கு அரைக்கோடுதான்” என்று நிஜமாகவே அரைக்கோடு போட்டார். ஊருக்குத் திரும்பும்வரை ரங்கராஜன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் ரஃபீக்கின் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கசார்வாடிப் பட்டறைகளுக்கு நடுவில், ஜம்பு என்ற தஞ்சாவூர்க்காரர் ஒரு காப்பிக் கடை போட்டார். முதல் கோடு சந்திரிகா போட்டது. போன ஞாயிறு, கிளையில் புதிதாகச் சேர்ந்த கிருஷ்ணப்ரியா என்ற மதுரைப் பெண்ணை அழைத்துப் போனார்கள். அவள் டபராவைக் கீழே வைக்காமலே, “எங்க ஊர்ல போட்டா கூட்டம் அள்ளும் அங்கிள்” என்றாள். இரண்டாவது கோடு விழுந்தது.

“கோயமுத்தூர் ஆச்சு, மதுரை ஆச்சு. இன்னொரு ஊர் நாக்கு வேணும். பாக்கலாம், ரயில்ல யாராவது வருவாங்க” என்றார் ரஃபீக்.

“எதுக்குங்க ரயிலுக்குக் காத்திருக்கோணும்? இங்கயே ஒரு வாணியம்பாடி நாக்கு இருக்குதில்ல?”

“அது சாய் நாக்குக்கா!”

“நாக்கு நாக்குதானுங்க. சட்டம் நீங்க போட்டது.”

உள்ளிருந்து ஜம்பு சேர்ந்துகொண்டார். “பாய், ஒரே ஒரு டபரா. செத்தா போயிடுவீங்க?”

சுற்றி நின்ற பட்டறை ஆட்களெல்லாம் சிரித்தார்கள். ரஃபீக்கும் சிரித்தார், காதுவரைக்கும். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ஒன்பதரை விரலையும் தூக்கிச் சரணடைந்தார். “சரி, வர்ற ஞாயித்துக்கெழம. ஆனா சக்கரை தூக்கலாப் போடணும்.”

வியாழக்கிழமை மாலையே அடக்கம் முடிந்தது. சந்திரிகா போனபோது அந்தச் சிறிய வீட்டு வாசலில் தமிழ்ச் செருப்புகளும் மராத்திச் செருப்புகளும் கலந்து கிடந்தன. அம்ருதா வந்திருந்தாள், வாழ்க்கையில் முதல்முறையாக நான்கு மணிக்குக் கடை திறக்காமல் வந்திருந்தாள். ஜம்பு வெளியே நின்றிருந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. நஸ்ரீன் கொண்டுவந்து கொடுத்த தேநீரைச் சந்திரிகா மறுக்காமல் முழுவதும் குடித்தாள். ஏலக்காய் போட்ட தேநீர். நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது நஸ்ரீன் ஆட்டோவிலிருந்து அந்த அட்டையை எடுத்துவந்து கொடுத்தாள். சந்திரிகாவுக்கு உருது தெரியாது. நஸ்ரீனே ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். அம்ருதா கடைக்கு மூன்று கோடும், பக்கத்தில் ஓர் அரைக்கோடும். கேம்பில் இருந்த கடைக்கு எதிரே நகத்தால் சுரண்டிய தடம். கடைசி வரி ஜம்பு கடை.

அதற்கு நேரே இரண்டு கோடுகள்தான் இருக்கின்றன.