பாலைவனத்துக்குச் சனி, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளை அட்டவணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ அலுவலக எழுத்தர்தான். ஆனால் நாற்பத்திரண்டு ஆசிரியர்களுக்கும் பாடவேளை பிரித்துக் கொடுப்பது அவள் தலையில் விழுந்திருந்தது. வேதியியல் ஆசிரியருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு வைத்தால் முகம் தூக்கிக்கொள்வார். கணக்கு ஆசிரியை செவ்வாய்க்கிழமைகளில் தாமதமாகத்தான் வருவார். எல்லாவற்றையும் கலர் அட்டைத் துண்டுகளாக வெட்டி மேஜையில் பரப்பி, யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளாமல் அடுக்கிவிடுவாள்.

அவள் கணவர் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. வேறு யாராவது ஓட்ட, தான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆசியாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரயிலிலேயே போகவேண்டும். அம்மா, மனைவி, மகள் மூவரும் கூட இருக்கவேண்டும். ஓய்வு பெற்றதும் கிளம்பலாம் என்றிருந்தார்கள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். ரயில் பேச்சு வீட்டில் தானாகவே நின்றுபோயிற்று.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒரு சமயம் பக்கத்துப் படுக்கைக்காரர் இரண்டு வாரமாக வரவில்லை. அவள் தயங்கித் தயங்கி நர்ஸிடம் கேட்டாள். அவர் மகள் கல்யாணத்துக்கு வெளிநாடு போயிருக்கிறார், அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார், முன்கூட்டியே எழுதி ரத்தப் பரிசோதனை விவரங்களை அனுப்பினால் பல ஊர்களில் ஏற்றுக்கொள்வார்கள் என்று நர்ஸ் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் அட்டைகளை வெட்ட ஆரம்பித்தாள். மஞ்சள் ரயிலுக்கு, நீலம் ஆஸ்பத்திரிக்கு. முப்பத்தொரு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினாள். ஆங்கில ஆசிரியை பிழை திருத்திக் கொடுத்தார். பதினான்கு பேர் பதில் போட்டார்கள். இருபத்தாறு நாள் பயணத்துக்குப் பதினோரு நிறுத்தம் போதும்.

நடுவில் ஒரு பாலைவனம்தான் வழிமறித்தது. தாண்ட ரயிலுக்கு அறுபது மணி நேரம். இடையில் பேருக்குக்கூட ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு வாரம் அட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அப்புறம்தான் பொறி தட்டியது. வெள்ளிக்கிழமை முடித்தால் அடுத்தது திங்கள்தானே? அந்த இடைவெளியை அவர் வாராவாரம் தாண்டிக்கொண்டுதானே இருக்கிறார்? பாலைவனத்தைச் சனி, ஞாயிறில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் அட்டவணையை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார். தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்ற ஒரே கண்டிப்போடு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதன்பிறகுதான் வீட்டில் சொன்னாள். அவர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"என் ஒருத்தனுக்காக நீங்க எல்லாரும் ஊர் ஊரா ஆஸ்பத்திரி வாசல்ல உட்காரணுமா? வேண்டாம், விடு."

மாமியார் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிரவில்லை. "இங்க மட்டும் என்ன பண்றோம்? அதே வாசல்ல தானேடா உட்கார்றோம். வாசலாவது மாறட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை எடுத்துப் படித்தார். பாலைவனம் இருந்த இடத்தில் விரல் வெகுநேரம் நின்றது.

புறப்படப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பாலைவனத்துக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பியது. இயந்திரங்கள் பழுதாகிவிட்டன, வெளியூர் நோயாளிகளை எடுக்க முடியாது. அதற்கடுத்த ஊர் இன்னும் ஒரு நாள் தொலைவு. அட்டைகளை எப்படி அடுக்கினாலும் அந்த ஒரு நாள் துருத்திக்கொண்டே நின்றது. அவ்வளவு தூரத்தை விமானத்தில் தாண்டுவதைத் தவிர வழியில்லை. அவர் ஆசையாசையாகப் பார்த்திருந்த இடமே அதுதான் என்பதால், அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னாள். அவர் அம்மாவிடம் திரும்பினார்.

"நாங்க ரெண்டு பேரும் பறந்து போறோம். நீயும் பேத்தியும் ரயில்லயே வாங்க. வெளிய என்ன தெரியுதுன்னு மணிக்கு ஒரு தடவை எனக்காக எழுதிட்டு வாம்மா."

அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை மகள் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். புதன்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அம்மா எழுதிவந்த நோட்டைப் பிரித்தார். எட்டு மணி, மணல். ஒன்பது மணி, மணல். பத்து மணிக்குத் தூங்கிவிட்டேன், மணலாகத்தான் இருந்திருக்கும். பதினொரு மணி, ஒரு லாரி மணல் ஏற்றிக்கொண்டு போகிறது, எதற்கென்று தெரியவில்லை.

அவர் சிரித்த சிரிப்பில் ஊசி குத்திய கை ஆட, இயந்திரம் கீச்சிட்டது. பாஷை தெரியாத நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்குச் சிரிக்கிறார் என்று அவளுக்குச் சைகையில் விளக்குவதற்குள் அட்டவணை அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இருபத்தேழாம் நாள், அட்டவணைக்கு ஒரு நாள் பிந்தி, கடைசி ஸ்டேஷனில் இறங்கினார்கள். அவர் நேரே முன்னால் போய் எஞ்சின் டிரைவரிடம் கைகொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது டயாலிசிஸ் பிரிவில் யாருக்காவது ஊருக்குப் போகும் எண்ணம் வந்தால், நர்ஸ் இவளிடம் அனுப்பிவிடுகிறாள். இதுவரை நான்கு குடும்பங்களுக்கு அட்டை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். மூன்று குடும்பங்கள் போய்வந்துவிட்டன. நான்காவது வீட்டில், கடற்கரைக்கா மலைக்கா என்று இன்னும் பேசி முடியவில்லை.