சிவன் எந்தப் பக்கம்?

போன வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால், எங்கள் சங்கரன்கோவிலில் நடந்தது இது. நான் இங்கே ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் டிஜிட்டல் கேமராவில்தான். ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை என்று வந்துவிட்டால் என் மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமராவை எடுத்துவிடுவேன். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், பார்த்தால் ஒரு பெட்டி மாதிரி இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். நெகட்டிவ் உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். நானே கழுவி, நானே ஸ்கேன் செய்வேன். இந்த வட்டாரத்தில் இந்த வேலையை என்னைப் போலச் செய்ய ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

எதிர்வரிசையில் இன்னொரு ஸ்டுடியோ உண்டு. அதன் உரிமையாளர் என்னைவிடப் பெரியவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தொழிலில் எங்களுக்குள் பலத்த போட்டி. என் கேமராவைப் பார்த்தால் போதும், "தங்கச்சி, டப்பாவுக்குள்ள முறுக்கு இருக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் பேனர் அடிக்கும் மெஷின் அவரிடம்தான் இருந்தது என்பதால், நான் அவர் கடைக்குப் போகாமல் இருக்க முடியாது.

குருவிகுளம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கோயில் கொடை விழாக்களில் சாமி வேஷம் கட்டி ஆடுபவர். மழை பெய்தால் விவசாயம், மற்ற நாளில் வேஷம். ரொம்ப வருஷம் ஒரு குழுவில் ஆடிவிட்டு, மனஸ்தாபத்தில் வெளியே வந்து சொந்தமாகக் குழு தொடங்கியிருந்தார். "தனியாப் போயி என்னத்தைக் கிழிக்கப் போறான்" என்று பழைய குழுவினர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்களாம். வாசுதேவநல்லூர் பக்கம் முதல் நிகழ்ச்சி. அதற்கு ஒரு பெரிய பேனர் வேண்டும், சங்கரநாராயணர் வேஷத்தில் தான் நிற்கிற மாதிரி, என்று என்னிடம் வந்தார். அந்தப் பேனரைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க்காரர்கள் அவரைக் கூப்பிட வேண்டும்.

பாதி உடம்பு திருநீறு, பாதி உடம்பு நீலம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் கரியாகவும் வந்து மனசை அள்ளிக்கொண்டு போகும் என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவர் ஊர்க் கரிசல் காட்டிலேயே நிறுத்தி எடுத்தேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. சடைமுடி ஒரு பக்கம் பறக்க, கிரீடம் மறுபக்கம் சரிய, அவர் அசையாமல் நின்றார். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, மேல் மூடியைத் திறந்து, தலை குனிந்து உள்ளே இருக்கும் சதுரக் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அப்படியே மெய்மறந்துபோனேன். அந்தச் சதுரம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து கழுவியபோது நெகட்டிவ் அருமையாக வந்திருந்தது. ஆனால் காய்ந்ததும் ஓலைச் சுருள் போலச் சுருண்டுகொண்டது. ஸ்கேனரில் படிய மாட்டேன் என்றது. சரி என்று அதைப் புரட்டி, பளபளக்கிற பக்கத்தை மாற்றிப் போட்டு ஸ்கேன் செய்தேன். அப்படிப் போட்டால் படம் இடம் வலம் மாறித்தான் வரும், பிறகு கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம் என்பது திட்டம். படம் திரையில் வந்தது. கரிசலில் குனிந்து பார்த்தேனே, அச்சு அசல் அதே படம். அப்புறம் எதைத் திருப்ப? திருப்ப வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. தூசியைத் துடைத்து, மெருகேற்றி, அண்ணாச்சி கடைக்கு அனுப்பிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

நிகழ்ச்சி அன்று காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தங்கச்சி, நம்ம சங்கரநாராயணருக்குச் சிவன் எந்தப் பக்கம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சங்கரன்கோவிலில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா? வலது பாதி சிவன், இடது பாதி பெருமாள். கைக்குழந்தையும் சொல்லும்.

"அப்பம் இந்தப் படத்துல மாறில்லா இருக்கு?"

"என்ன அண்ணாச்சி, காலையிலேயே கிண்டல் பண்ணுதியளா? நான் என் ரெண்டு கண்ணால பாத்து எடுத்தது."

"நீ நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் நான் மெஷினை ஓட்ட மாட்டேன்."

போட்டிக்காரர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். கேமராவையும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தேன். அவருடைய திரையில் படம் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அப்போதும் அது சரியாகத்தான் பட்டது. "அவரு அங்கன நின்னாரு, நான் இங்கன. இப்படிக் குனிஞ்சு பாத்தேன்" என்று கேமராவின் மூடியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியில் அண்ணாச்சி தெரிந்தார். அவருக்குப் பின்னால் அச்சடித்து மாட்டியிருந்த கல்யாணப் பேனர் தெரிந்தது. அதில் ஒரு எழுத்தையும் படிக்க முடியவில்லை. எல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேமராவின் கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றித்தான் காட்டும். எத்தனை பேருக்கு நானே அதை விளக்கியிருக்கிறேன்! நான் கரிசலில் பார்த்ததே மாறிய உருவம். ஸ்கேனிலும் மாறி வந்தது. இரண்டும் பொருந்தியதால் சரி என்று நம்பிவிட்டேன். அந்தப் பேனர் அப்படியே தொங்கியிருந்தால்? சாமிக்கு எந்தப் பக்கம் எது என்று தெரியாதவன் சாமி வேஷம் கட்ட வந்துவிட்டான் என்று பழைய குழுவினர் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். அந்த மனிதர் அத்தோடு ஆட்டத்தையே விட்டிருப்பார்.

வாயைத் திறக்கப் போன நேரம், அந்த மனிதரே வாசலில் வந்து நின்றார். பேனர் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் "தம்பி, வந்து..." என்று இழுத்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"மெஷின் மக்கர் பண்ணிட்டு தம்பி. இப்பம்தான் சரி பண்ணுனேன். ஒரு டீ குடிச்சிட்டு வா, தந்துருதேன்."

"நேத்தே சொன்னம்லா அண்ணாச்சி? இன்னைக்குப் போயி இப்படிப் பண்ணுதியளே! வேற கடைக்குப் போயிருப்பேன்லா!"

எனக்கு விழ வேண்டிய ஏச்சை எல்லாம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். நான் மறுபடி பேச வாயெடுத்தபோது, "தங்கச்சி, அந்த ஃபேனைப் போடு, தம்பிக்கு வேர்க்குது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஃபேன் சுவிட்சைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

படத்தைத் திருப்ப ஒரு நொடி கூட ஆகவில்லை. அச்சாகி வந்தபோது சிவன் சிவனின் பக்கத்தில் இருந்தார், பெருமாள் பெருமாளின் பக்கத்தில் இருந்தார். பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பி பஸ்ஸுக்கு ஓடினார். நிகழ்ச்சி முடிவதற்குள் இரண்டு ஊர்க்காரர்கள் வந்து கொடைக்குத் தேதி கேட்டார்களாம். பிறகொரு நாள் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "யக்கா, அது மட்டும் தொங்கியிருந்தா நான் பழைய குழுவுலயே போயி கை கட்டி நின்னுருப்பேன்" என்றார். நேரே அண்ணாச்சி கடைக்குப் போய், அன்று கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டும் வந்தார்.

அண்ணாச்சி என் கேமராவைக் கிண்டல் செய்வதை இன்னும் விடவில்லை, நானும் தொழிலில் அவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் என் வேலையைக் குறை கண்டுபிடிக்கிற கண்ணோடு பார்க்க எதிர்க்கடையில் ஒருவர் இருக்கிறார் என்பதும், நான் விழப்போகும் நேரத்தில் அவரே பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் இன்றும் அந்த மூடியைத் திறந்து குனிகிறேன்.