இரைச்சல் என்று நான் சொன்ன மழை

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசியில் ஒரு பகல். பழைய போனிலிருந்து கழற்றிய மெமரி கார்டோடு காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் நின்றேன். அதில் என் மனைவியின் குரல் இருந்தது.

நான் சிவகங்கையில் அரசு வேலையில் இருந்தபோது, வீட்டிலிருந்து அவள் பேசிய ஒரு போன் கால், தானாகப் பதிவாகியிருந்தது. அவள் தவறிப்போன பிறகு எனக்கு மிஞ்சிய குரல் அது ஒன்றுதான். பழைய போன் கெட்டுப்போனது. புதுப் போன் அந்த ஃபைலைத் திறக்க மாட்டேன் என்றது. இரண்டு வருடமாக நான் அதைக் கேட்கவில்லை.

கடையை நடத்திய பெண், ஒரு வெப்சைட்டில் ஏற்றினால் எம்பி3 ஆக மாற்றிவிடலாம் என்றார். சரியான ஃபைல்தானா என்று ஓடவிட்டார். "என்னங்க..." என்றாள் என் மனைவி. அதற்கு மேல் அடுத்தவர் முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது, நிறுத்தச் சொன்னேன். அவள் குரலுக்குப் பின்னால் கடுகு பொரிவது மாதிரி ஒரு சத்தம் இருந்தது.

"அந்த இரைச்சலை எடுத்துரலாமாம்மா?"

"எடுக்கலாம்யா. வெப்சைட்லயே அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, டிக் போட்டாப் போதும்."

புதியதை என் போனில் போட்டுக்கொண்டதும், பழையதைக் கார்டிலும் கம்ப்யூட்டரிலும் சுத்தமாக அழிக்கச் சொன்னேன். "பழசு இருந்துட்டுப் போகட்டுமேய்யா" என்றார். நான் கேட்கவில்லை. அவள் குரல் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று பயம். முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் "ஒரிஜினல் எங்கே?" என்று விரட்டிய ஆள் நான்.

ஊர் திரும்பக் குன்றக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவு. "என்னங்க, எப்ப வாரீக? இங்குட்டு மழை கொட்டுது. போனை முத்தத்துப் பக்கம் நீட்டுறேன், கேக்குதா?"

அப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் அமைதி. கடைசியில் என் குரல்: "வேலையா இருக்கேன், வையி."

கடுகு பொரிகிற மாதிரி கேட்டது அந்த மழைதான். நான் அழிக்கச் சொன்னது எங்கள் வீட்டு மழையை. பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண் எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ஏத்துன ஃபைலை அந்த வெப்சைட் ஒரு மணி நேரம் வச்சிருக்கும்யா. நான் இன்னும் அந்தப் பக்கத்தை மூடலை" என்றார். இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி மாற்றினார். ஸ்கிரீனில் நீலக்கோடு நகர்ந்து முடிகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இயர்போனை என் கையில் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த மனசை மறக்கவே முடியாது.

"கேக்குதா?" என்றாள். ஓட்டிலிருந்து முற்றத்தில் மழை விழுந்தது. பித்தளை அண்டாவில் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் நனைந்துகொண்டே நின்றேன்.

இப்போது அந்தப் பதிவை நாலு இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மதிய நேரத்தில் கண்ணை மூடிக் கேட்கும்போது, அவள் "கேக்குதா?" என்றதும், அன்று ஆபீஸில் சொல்லாமல் விட்ட பதிலை என் பழைய குரல் குறுக்கிடுவதற்குள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "கேக்குது."